அதே வார்த்தை, அதே அர்த்தம்

நியோலேயிடம் ஒரு தடித்த அகராதி இருந்தது. அதைவிடத் தடித்த தலைக்கனமும் இருந்தது. இரண்டையும் சொந்த ஊரான ரொகிஷ்கிஸிலிருந்து ஒன்றரை நாள் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தாள் என்று விஸ்பெக் நகரில் இருந்த லிதுவேனியாக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் காதில் விழாதபடிதான் சிரிப்பார்கள். விழுந்தால் மறுநாள் காலை யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்று சொல்ல முடியாது.

அது 2006. கைபேசியைத் தட்டினால் மொழிபெயர்ப்பு வந்து கொட்டுகிற காலம் இல்லை. ஊரைச் சுற்றியிருந்த காய்கறிக் கிடங்குகளில் எங்கே திரும்பினாலும் நம்ம ஆட்கள்தான். அதில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்த இங்கிலீஷ் "எஸ்", "நோ", "ஓகே" மூன்றும்தான். நியோலே ஊரில் நூலகத்தில் வேலை பார்த்தவள், ஐம்பது வயது, தானாகவே இங்கிலீஷ் படித்தவள். காலிஃபிளவரை நறுக்கிப் பொட்டலம் கட்டுகிற அந்தக் கிடங்கில் மேலாளர் டெரெக் சொல்வதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும். அவர்கள் சொல்வதும் அப்படியே திரும்பி வரும். லீவு வேண்டுமா, கையுறை கிழிந்துவிட்டதா, பல்வலியா, முதலில் நியோலேயிடம் போய் நிற்க வேண்டும். போகும்போது ஒரு துண்டு பாலாடைக்கட்டியோ ஊரிலிருந்து வந்த கருப்பு ரொட்டியோ கையில் இருந்தால் பல்வலி சீக்கிரம் மொழிபெயர்க்கப்படும்.

"நீ இல்லேன்னா நாங்க என்னதான் பண்ணுவோமோ, நியோலே!" என்பார் டெரெக். வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள், பெண் பார்க்க வந்த இடத்தில் நிற்கிற மாதிரி.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் கட்டம் போட்ட தாளில் வார்த்தைப் பட்டியல் எழுதிக் கொடுப்பாள். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் லிதுவேனிய மொழி, நடுவில் ஒரு கோடு. முதல் தாளில் கத்தி, கையுறை, குளிர், சீக்கிரம், மன்னிக்கவும். 'மன்னிக்கவும்' என்பதைத்தான் எல்லாரும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கிடங்கில் எல்லார் தலையிலும் நீல வலைத்தொப்பி. வரிசைக்குத் தலைமை பார்க்கிறவர் தலையில் மட்டும் சிவப்பு. மூன்று வருஷமாக நியோலே நீலத் தொப்பி போட்டுக்கொண்டு சிவப்புத் தொப்பியின் வேலையைச் செய்துவந்தாள். அந்தச் சிவப்பு தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை, ரமுனே வரும் வரைக்கும்.

ரமுனே தெல்ஷேய்ப் பக்கத்துப் பெண். இருபத்தொன்பது வயது. அந்த மாவட்டத்துக்காரர்கள் பிடிவாதக்காரர்கள், பேசவே மாட்டார்கள் என்று நியோலே ஊரில் கேலி செய்வார்கள். இவள் பேசினாள். வந்த மூன்று மாதத்தில், காலிஃபிளவரை நறுக்கிக்கொண்டே பக்கத்தில் நின்ற இங்கிலீஷ்காரக் கிழவிகளிடம் பேசிப் பேசியே, கடகடவென்று பேசக் கற்றுக்கொண்டாள். நியோலேயின் வீட்டிலேயே மாடி அறையில் குடியிருந்தாள். "அக்கா, அக்கா" என்று மரியாதையாகத்தான் இருந்தாள். அதுதான் நியோலேக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெறுக்க ஒரு காரணமாவது கொடுக்கக் கூடாதா?

காரணம் நவம்பரில் கிடைத்தது. சாப்பாட்டு அறையில் ஹீட்டர் செத்துப்போய் இரண்டு வாரம். டெரெக் வந்து நின்று ஏதோ சொன்னார். நியோலே எல்லார் பக்கமும் திரும்பினாள்.

"ஹீட்டரை ஒருவேளை சரி பண்ணுவாராம். பண்ணாமலும் போகலாமாம்."

மேஜையைச் சுற்றி முணுமுணுப்பு. அப்போது ரமுனே, வாயில் இருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு, "இல்லக்கா, அவர் அப்படிச் சொல்லலையே. எப்படியும் பண்ணிடுவேன், கொஞ்சம் நாளாகும்னுதான் சொன்னாரு" என்றாள்.

"எனக்குக் காது கேக்கும்."

"இல்லக்கா, அவர் சொன்ன 'இவென்ச்சுவலி' நம்ம வார்த்தை மாதிரியே இருக்கு பாருங்க, அதான். நம்ம மொழியில அதுக்கு 'ஒருவேளை'ன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல 'கடைசியில எப்படியும்'னு அர்த்தம். பாக்க ஒரே மாதிரி இருக்கும், அர்த்தம் வேற. போலி நண்பர்கள்னு இதுக்கு ஒரு பேரே இருக்கு. எங்க டீச்சர் சொல்லித் தந்தாங்க. நானும் நிறைய தடவை ஏமாந்திருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவள் அன்பாகத்தான் சொன்னாள். யாரும் அதைக் கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த கிழவர் பெத்ரோனிஸ், "அப்போ மூணு வருஷமா நமக்கு வந்த சேதியில பாதி நியோலே சொந்தமாக் கட்டினதா?" என்றார். அறையே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று டெரெக் கேட்டார். ரமுனேயே இங்கிலீஷில் விளக்கினாள். டெரெக்கும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் ரமுனேயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நியோலே அந்தப் பார்வையைக் கவனித்தாள்.

அடுத்த வாரம் டெரெக் அறிவித்தார். ஜனவரியிலிருந்து சிவப்புத் தொப்பி ஒருவருக்கு நிரந்தரமாக. இரண்டு பேர் பெயர் மனதில் இருக்கிறது. நியோலே, ரமுனே. குளிர்கிடங்குக்குள்ளும் போய் வர வேண்டிய வேலை என்பதால் இரண்டு பேரும் உடல்நிலைப் படிவம் நிரப்ப வேண்டும்.

அன்று சாயங்காலம் நியோலே அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போலி நண்பர்கள். அந்தச் சிறுக்கி அவளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான், இதை வைத்தே அவளுக்குப் பாடம் எடுக்கலாம் என்று நினைத்தாள். ரொம்பத் தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் எழுத்திலேயே கிடைத்துவிட்டது.

அங்கினா. நம்ம ஊரில் இந்த வார்த்தை தெரியாத குழந்தை கிடையாது. தொண்டை வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலோடு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடக்கிற சுகமான வியாதி. கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றி, சூடான பாலில் தேன் கலந்து கொடுப்பார்கள். இங்கிலீஷிலும் angina என்று இதே ஆறு ரோமன் எழுத்து. ஒரு எழுத்து கூட மாறாது. அவர்கள் 'அஞ்ஜைனா' என்று படிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்களுக்கு அது தொண்டை இல்லை, நெஞ்சு. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற வலி. எந்த நேரமும் ஆளைச் சாய்க்கக்கூடியது.

நியோலே அகராதியை மூடினாள். படிவத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். உனக்குக் கீழ்க்கண்ட நோய்களில் ஏதாவது வந்ததுண்டா என்று கேட்டு ஒரு வரிசை. அதில் நான்காவதாக இருந்தது அந்த வார்த்தை.

மறுநாள் ரமுனே தானாகவே வந்து கேட்டாள். "அக்கா, நோய்ப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. கிழவிங்க அதைப் பத்தியெல்லாம் என்கிட்ட பேசினதில்ல. உங்க தாள் ஒண்ணு எழுதித் தர்றீங்களா?"

"எனக்குப் போட்டியா நிக்கிறவளுக்கு நானே எழுதித் தரணுமா?" என்று நியோலே சிரித்தாள்.

"யாருக்குக் கிடைச்சாலும் சந்தோஷம்தாங்க்கா. உங்களுக்குக் கிடைச்சா நான் கேக் சுடுறேன்."

நியோலே எழுதினாள். நாற்பது வார்த்தை. முப்பத்தொன்பதுக்குச் சரியான அர்த்தம். ஒன்றுக்கு மட்டும் இடது பக்கம் 'angina', வலது பக்கமும் அதே 'angina'. இது பொய் இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். எழுத்து அதேதானே?

மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்த அவள் தம்பி விட்மான்டஸ் எட்டிப் பார்த்தான். "எனக்கும் ஒண்ணு எழுதுக்கா."

விட்மான்டஸுக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் டிராக்டர் ஓட்டியவன், பெண்டாட்டி விட்டுப் போனவன். அவனை இங்கே வரவழைத்து, கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை வாங்கிக் கொடுத்தது அக்காதான். அவள் உலகத்தில் யார் மேலாவது உயிரையே வைத்திருந்தாள் என்றால் அது அவன் மேல்தான். ஆனால் அதை அவனுக்குக் காட்டியதில்லை. காட்டியதெல்லாம் கிண்டல்தான். ஒரு தடவை அவன் இங்கிலீஷில் கிச்சனைச் சிக்கனாக்கி, 'சமையலறையில் சாப்பிட்டேன்' என்பதற்குப் பதில் 'கோழிக்குள் சாப்பிட்டேன்' என்று சொல்லிவிட்டான். அதை அவள் வீட்டில் எல்லாரிடமும் சொன்னாள், கிடங்கில் சொன்னாள், பல் டாக்டரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது நர்ஸிடமும் இங்கிலீஷில் சொன்னாள். அவனுக்குப் புரியாது என்று நினைத்தாள். 'கோழி' என்ற வார்த்தை அவனுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எந்த இடத்துக்கும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டான்.

"உனக்கு எதுக்குடா இது? முதல் தாளையே நீ முடிக்கலை."

"குடேன்." அவனே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டான். நீலப் பென்சிலால் தெரிந்த வார்த்தைக்கு டிக் போடுவது அவன் பழக்கம். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தான். ஒரு இடத்தில் முகம் மலர்ந்தது. "இந்தா பாரு, இது எனக்குத் தெரியும்! இதுக்குப் படிக்கவே வேண்டாம்." டிக் போட்டான். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் டிக். தாளைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

நியோலே வாயைத் திறந்தாள். ரமுனே அங்கேயே, அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நியோலே வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ரமுனே படிவத்தை நேர்மையாக நிரப்பினாள். நேர்மைதான் அவள் கெட்ட பழக்கம். நான்காவது கட்டத்தில் டிக். எத்தனை தடவை? ஒவ்வொரு குளிர்காலமும். கடைசியாக? போன மார்ச்.

மூன்றாம் நாள் டெரெக் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கால் மணி நேரம் கழித்து நியோலேயையும் கூப்பிட்டார். ரமுனே முகம் வெளுத்து நின்றாள். டெரெக் மேஜையில் இரண்டு படிவம். ஒன்று மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நியோலேயே நிரப்பிக் கொடுத்தது. அதில் எல்லாம் 'இல்லை'. இன்னொன்று இப்போது வந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியலை," என்றார் டெரெக். "சேரும்போது நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கா. இப்போ வருஷா வருஷம் நெஞ்சுவலிங்கறா. ஏம்மா மறைச்சேன்னு கேட்டா, நெஞ்சு இல்ல, தொண்டைங்கறா. உங்க மொழியில அந்த வார்த்தைக்குத் தொண்டைன்னு அர்த்தமாம். நிஜமா?"

ரமுனே நியோலே பக்கம் திரும்பினாள். கண்ணில் நிம்மதி. அதைப் பார்த்தபோது நியோலேக்கு ஒரு நிமிஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் டெரெக்கின் தலைக்குப் பின்னால், ஆணியில், புதிதாக வந்த சிவப்புத் தொப்பிகள் ஒரு கட்டாகத் தொங்கின.

"சொல்லுங்கக்கா," என்றாள் ரமுனே, தன் மொழியில். "நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

"இல்ல டெரெக்," என்றாள் நியோலே, இங்கிலீஷில், நிதானமாக. "எங்க மொழியிலயும் அதே வார்த்தை, அதே அர்த்தம்தான்."

ரமுனேக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று நியோலே பிற்பாடு நினைத்துப் பார்ப்பதுண்டு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் அந்தப் பெண் இங்கிலீஷில், "அகராதி கொண்டுவர்றேன், வீட்ல இருக்கு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று ஆரம்பித்தாள். டெரெக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அகராதியோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லம்மா. நீ கையெழுத்துப் போட்டிருக்கே. நாளைக்குக் குளிர்கிடங்குல நீ விழுந்து வெச்சா கம்பி எண்ணப் போறது நான். மன்னிச்சுக்கோ, உனக்கு இனி இங்க வேலை இல்ல." பிறகு நியோலே பக்கம் திரும்பி, "நீ இல்லேன்னா நாங்க என்னதான் பண்ணுவோமோ" என்றார்.

ரமுனே அன்று மாலையே பெட்டியைக் கட்டினாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. பிடிவாதக்கார ஊர். சமையலறை வாசலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டே ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"அந்தத் தாளை மட்டும் கிழிச்சுப் போட்டுருங்க," என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை. "வேற யாராவது படிச்சுத் தொலைக்கப் போறாங்க."

"உன் அறிவுரை எனக்கு வேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது. நியோலே ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். கையைக்கூடத் தூக்கினாள். விட்மான்டஸ் மேஜையிலிருந்து, "என்னக்கா சொல்லிட்டுப் போறா? தாள்ல தப்பா?" என்று கேட்டான்.

"என் தாள்ல தப்பா? பொறாமைடா அவளுக்கு," என்றாள் நியோலே. தாள் அங்கேயே இருந்தது.

ஜனவரியில் சிவப்புத் தொப்பி அவள் தலைக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். யாரும் கேக் சுடவில்லை. பெத்ரோனிஸ் மட்டும், "சிவப்பு உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு, கசாப்புக் கடை மாதிரி" என்றார். அவரை ஒரு வாரம் வெளி வாசலில் தண்ணீர் பீய்ச்சிப் பெட்டி கழுவப் போட்டாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் விட்மான்டஸ் ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி வீட்டுக்கு வந்தான். நியோலே உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள், நம்ம ஊர்க் கொழுக்கட்டைக்கு.

"அக்கா, இன்னிக்கு நானே டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். தனியா!"

"கோழிக்குள்ள உக்காந்து பேசினியா?"

"கிண்டல் பண்ணாதே. எல்லாம் புரிஞ்சுது எனக்கு. பெட்டி தூக்கும்போது இங்கேருந்து இங்கே வரைக்கும் பிடிச்சுக்குதுன்னு காட்டினேன்." தொண்டையைப் பிடித்துக் காட்டினான், தாடையை, கொஞ்சம் கீழே. நியோலே துருவலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொழிபெயர்க்க ஆள் வேணுமான்னு கேட்டாரு. வேண்டாம், 'ஐ குட்'னு சொன்னேன். என்னன்னு சொன்னாரு, வாயால சொன்னது புரியலை, தாள்ல எழுதிக் காட்டினாரு. உடனே புரிஞ்சுடுச்சு. இது தெரியுமான்னு கேட்டாரு. எஸ், எஸ், தெரியும்னேன்."

"என்னவாம்?"

"அங்கினா."

அவன் அதைத் தன் மொழியில் சொன்னான். அவளும் தன் மொழியில்தான் கேட்டாள். அகராதி முழுக்க மனப்பாடமாக இருந்தவள், இந்த வார்த்தையை வைத்தே ஒரு பெண்ணை ஊரை விட்டு ஓட்டியவள், கொழுக்கட்டை மாவில் கையை வைத்துக்கொண்டு தம்பி வாயிலிருந்து 'அங்கினா' என்று கேட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது ரொகிஷ்கிஸில் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு படுத்திருந்த ஏழு வயதுப் பையன்தான்.

"இந்த வயசுல தொண்டை வீக்கமா! வெக்கமா இல்ல?" என்றாள். "பால் காய்ச்சித் தர்றேன்."

"மருந்து குடுத்திருக்காரு." சட்டைப் பையிலிருந்து சின்னச் சிவப்புக் குப்பியை எடுத்தான். வாயைத் திறந்து நாக்குக்குக் கீழே ஒரு தடவை அடித்துக் காட்டினான். "அடிச்சா தொண்டை விட்டுருது. தலைதான் கொஞ்சம் வலிக்குது. அப்புறம் கனமா எதுவும் வேண்டாம்னு வேற சொன்னாரு."

"கனமான சாப்பாட்டைச் சொல்லியிருப்பாரு. நல்லதாப் போச்சு, எனக்கு நாலு கொழுக்கட்டை அதிகம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அவன் கழுத்தில் தன் கம்பளித் துணியைச் சுற்றிவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவனைத் தொட்டது அன்றுதான்.

நாலு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, அவன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு முடியலைக்கா. லீவு சொல்லிடேன்."

"தொண்டைக்கு லீவா? நான் சிவப்புத் தொப்பி போட்டுட்டு நிக்கிறேன், என் தம்பி தொண்டை வலிக்குதுன்னு படுத்துக் கிடக்கான்னா மத்தவங்க என்னை என்ன நினைப்பாங்க? எந்திரிடா. மருந்தை அடிச்சுக்கோ, வா."

அவன் எழுந்தான். கிடங்கு வேனில் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு பேசாமல் வந்தான். அன்று குளிர்கிடங்கில் ஒரு ஆள் குறைவு. நியோலே பட்டியலைப் பார்த்து, வேறு யாரையாவது போட்டால் தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்பார்களே என்று, அவனையே போட்டாள்.

பத்தேகாலுக்குப் பெத்ரோனிஸ் ஓடி வந்தார். விட்மான்டஸ் அடுக்கிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி கிடந்தான். கழுத்தில் அவளுடைய கம்பளித் துணி. சுற்றிலும் காலிஃபிளவர் உருண்டு கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவன் நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார்கள். அவர்களில் ஒரு பெண் அவன் சட்டைப் பையைத் துழாவி அந்தச் சிவப்புக் குப்பியை எடுத்தாள். எடுத்ததும் நிமிர்ந்து நியோலேயைப் பார்த்தாள்.

"இவருக்கு அஞ்ஜைனா இருக்கா?"

இங்கிலீஷில் கேட்டாள். இங்கிலீஷில் கேட்டதால் நியோலேக்கு உடனே புரிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன சத்தம் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கிடங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வந்து, எளிமையான வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து, மெதுவாகச் சொன்னார், தம்பி இறந்துவிட்டான் என்று. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். நாற்பது வார்த்தை. நீலப் பென்சிலில் ஒரே ஒரு டிக், கொஞ்சம் பெரிதாக, பெருமையாகப் போட்ட டிக். கீழே இன்னொரு காந்தத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுத்தாளையும் அவன் ஒட்டி வைத்திருந்தான். சரிபார்த்திருக்கிறான். இரண்டிலும் அதே ஆறு எழுத்து. அவள் அவற்றைக் கிழித்தாள். கிழித்துக் கிழித்து, துண்டுகளை அடுப்பில் போட்டு எரித்தாள். தம்பியின் கையெழுத்தென்று மிச்சம் இருந்தது அந்த டிக் ஒன்றுதான் என்பது எரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை மதியம் டெரெக் அறையில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். கையில் கோப்பு. கிடங்குகளில் நடக்கிற சாவுகளை விசாரிக்கிற அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். தன்மையாகத்தான் பேசினாள்.

"டாக்டர் எழுதி வெச்சிருக்கார். நோயின் பேரை எழுதிக் காட்டினேன், தெரியுமான்னு கேட்டேன், தெரியும்னு சொன்னாருன்னு. பெரிய பரிசோதனைக்கும் தேதி குடுத்திருக்கார். அப்புறமும் பெட்டி தூக்க வந்திருக்கார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த வார்த்தை அவருக்கு உண்மையிலேயே புரிஞ்சிருக்குமா?"

டெரெக் முந்திக்கொண்டார். "அதுல சந்தேகமே வேண்டாங்க. போன டிசம்பர்லயே இது ஒரு பிரச்சனையா வந்துச்சு. ஒரு பொண்ணு என்னை ஏமாத்தப் பாத்தா. நான் அப்பவே நியோலேகிட்ட கேட்டேன். அவங்க மொழியிலயும் அதே வார்த்தை, அதே அர்த்தம்னு இவதான் சொன்னா. இல்லையா, நியோலே?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

ஒரு வார்த்தை போதும். இல்லை என்றால் போதும். தம்பி ஒன்றும் தெரியாமல் செத்தான் என்றாகும். டாக்டரும் கிடங்கும் பதில் சொல்ல வேண்டி வரும். ரமுனே எங்கே இருந்தாலும் அவள் பக்கம் நியாயம் போய்ச் சேரும். ஆம் என்றால் விட்மான்டஸ் தெரிந்தே மறைத்தவன், தன் சாவைத் தானே தேடிக்கொண்ட முட்டாள். ரொகிஷ்கிஸில் அம்மாவுக்கும் அப்படித்தான் கடிதம் போகும். நியோலேக்கு இரண்டும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரிந்தது. அப்போது ஏன் அப்படிச் சொன்னாய்? அந்தத் தாளை எழுதியது யார்? அன்றைக்குக் காலையில் அவனை எழுப்பியது யார்? அவள் கை தானாகத் தலைக்குப் போய், சிவப்புத் தொப்பியைக் காதுக்கு மேலே சரியாக இழுத்துவிட்டது.

"ஆமா," என்றாள். "அதே வார்த்தை, அதே அர்த்தம்தான்."

"அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு?"

"தெரியும்," என்றாள் நியோலே. "படிக்கவே வேண்டாம்னு சொன்னான்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். டெரெக் எழுந்து வந்து நியோலேயின் தோளில் கையை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீ இல்லேன்னா நாங்க என்னதான் பண்ணுவோமோ, நியோலே."